உஷார்! "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள்

ஹுன்னஸ்கிரியவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஆறு, ஏழு வயதாகியும் பேச்சு திருந்தாத, பத்து வரை எண்ணத் தெரியாத பிள்ளை உள்ள வீட்டாருக்கு இது அவசரச் செய்தி.

"பிள்ளை கொஞ்சம் பிந்தித்தான் இருக்கு, அடுத்த வருஷம் பார்ப்போம்." பாடசாலை வாசலில் அன்பாகத்தான் சொல்வார்கள். அடுத்த வருஷமும் அதே பேச்சு. அதற்கும் அடுத்த வருஷம், "முதலாம் தரத்துக்கு வயசு கூடிப்போச்சே" என்பார்கள். பிறகு அந்தப் பிள்ளை லயத்து வாசலில்தான். யாரும் மறுத்ததாக ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. எனக்குப் பயமே அந்த இல்லாத காகிதத்தை நினைத்துத்தான்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கட்டாயக் கல்வி 1997 ஒழுங்குவிதியில் 5 முதல் 14 வயது வரை இருந்தது. 2016 இல் 16 வரை நீண்டது. புத்தி வளர்ச்சி குறைந்த பிள்ளையும் இதற்குள் அடக்கம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், 23 ஆம் பிரிவில், மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. அதை மீறினால் மேல் நீதிமன்றம் வரை போகலாம். ஆனால் வாய்ப் பேச்சை வைத்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ஆகவே மனுவை எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. காது சரியாகக் கேட்காத பிள்ளையை "மந்தம்" என்று ஒதுக்கிவிடுவார்கள். பார்வை குறைந்த பிள்ளைக்கும் அதே பெயர்தான். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டால் அது வாய் திறக்காது. அந்த மௌனத்தைப் புத்திக் குறைவு என்று எழுதிவிட்டால், அந்த ஒரு வரி பிள்ளையின் வாழ்நாளெல்லாம் கூடவே வரும். எனவே முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புத்தி வளர்ச்சிப் பரிசோதனை எந்த மொழியில் நடந்தது என்று கேளுங்கள். பிறந்தபோது தந்த சுகாதாரப் பதிவேட்டைத் தேடி எடுங்கள். எப்போது உட்கார்ந்தது, எப்போது நடந்தது என்பதை வைத்தியர் அதில் பார்ப்பார். குடும்பநல உத்தியோகத்தரிடமோ தெல்தெனிய வைத்தியசாலையிலோ பேசி, பேராதனையிலுள்ள சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் பெறுங்கள். ஒரு நாள் கூலி போகும், பஸ் காசும் போகும். தோட்டத்து வீட்டுக்கு அது பெரிய தொகைதான், எனக்குத் தெரியும். ஆனாலும் போங்கள்.

மந்திரித்துக் கட்டுவது, "மூளைக்கு டொனிக்" என்று விற்பது எல்லாவற்றுக்கும் அந்தக் காசைக் கொடுக்காதீர்கள்.

பாடசாலையில் சேர்த்ததோடும் நின்றுவிடாதீர்கள். சில பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது. தமிழில் கற்பிக்கிறார்களா, சிங்களத்தில் மட்டுமா? ஒரே ஆசிரியரிடம் எத்தனை பிள்ளைகள், எந்தெந்த வயதினர்? விளையாட்டுக்கும் காலைக் கூட்டத்துக்கும் மற்றப் பிள்ளைகளோடு சேர்க்கிறார்களா? தவணைக்கு ஒரு தடவை போய் இதையெல்லாம் கேளுங்கள். "பிள்ளை அமைதியா இருக்கு" என்று பதில் வந்தால் மகிழ வேண்டாம். பின்வாங்கில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யாரும் எதுவும் கற்றுத்தராமலே இருக்கலாம். ஒரு தவணையில் எழுத்து வராமல் போகலாம். ஆனால் தன் பெயரைச் சொல்ல, தானாகச் சாப்பிட, கழிப்பறைக்குப் போக, காசை அடையாளம் காணப் பழகியிருக்கிறதா? அதுவும் படிப்புத்தான்.

பிள்ளையை வீட்டில் பூட்டிவைப்பதாகவோ அடிப்பதாகவோ தெரிந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பாடசாலை மறுத்தால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போங்கள். அங்கும் அசையாவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகம் இருக்கிறது.

முதலாம் தர விண்ணப்பம் முந்தின வருஷத்திலேயே முடிந்துவிடும். இந்த வாரமே அதிபரிடம் போய்த் திகதியைக் கேளுங்கள், மனுவின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு.