பெட்ரோல் டாங்க் எங்கே இருக்க வேண்டும்?

மண்ணெண்ணெய் பீப்பாயைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எந்த வணிகரும் வைப்பதில்லை. ஆனால் அமெரிக்காவில் பல ஆண்டுக்காலம் பிக்கப் வண்டிகளை ஏறக்குறைய அப்படித்தான் செய்து விற்றார்கள். 1967 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே சி-10 வண்டியிலும், அதே காலத்து ஃபோர்டு எஃப்-100 வண்டியிலும் கேபினுக்குள்ளேயே, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் பெட்ரோல் டாங்க் இருந்தது. செவ்ரோலேயில் அது சுமார் 75 லிட்டர் கொள்ளும்.

இதிலும் வசதிகள் உண்டு. சாலைக் கல்லும் சேறும் டாங்க்கைத் தொடாது. பின்னால் உள்ள சரக்குப் பெட்டியைக் கழற்றி வேறு பாடி கட்டினாலும் பெட்ரோல் குழாயில் கை வைக்க வேண்டாம். ஆனால் ரப்பர் குழாய் பழசாகி வெடித்தால் வாடை கேபினுக்குள் வரும். விபத்து நேர்ந்தால் பெட்ரோல் ஆள் மேலேயே கொட்டும். ஆகவே இந்தப் பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் டாங்க்கை வெளியே மாற்றிவிடுகிறார்கள்.

வெளியே எடுத்தால் மட்டும் போதுமா? போதாது. அதற்கு ஜெனரல் மோட்டார்ஸ் கதையே சாட்சி. 1973 மாடல் முதல் அந்த நிறுவனம் டாங்க்கைக் கேபினிலிருந்து எடுத்து, சேஸிஸின் நீளச் சட்டத்துக்கு வெளிப்புறமாக, வண்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டது. பக்கவாட்டில் மோதல் நேர்ந்தபோது டாங்க் நசுங்கித் தீப்பிடித்ததாக வழக்குகள் குவிந்தன. 1994 அக்டோபரில் அமெரிக்கப் போக்குவரத்து அமைச்சர் ஃபெடரிகோ பென்யா, இது பாதுகாப்புக் குறைபாடு என முதற்கட்ட முடிவை அறிவித்தார். நிறுவனம் அதை மறுத்தது. அவ்வாண்டு டிசம்பரில், வண்டிகளைத் திரும்பப் பெறாமல், பாதுகாப்புப் பணிகளுக்கு 5 கோடி டாலருக்கு மேல் தருவதென்று உடன்பாடு ஏற்பட்டது. 1988இல் வந்த புதிய மாடலிலேயே டாங்க் சட்டத்துக்கு உட்புறம் வந்துவிட்டது.

பழைய செவ்ரோலேயில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் 1969-72 பிளேசர் வண்டியின் டாங்க்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது பின்புறத்தில், இரு நீளச் சட்டங்களுக்கு நடுவே அமரும். பக்கவாட்டு இடியைச் சட்டம் தாங்கும். சரக்கு இல்லாதபோது பின்பக்கம் லேசாக இருக்கும் வண்டிக்கு டாங்க்கின் பாரமும் உதவும். பின்னாலிருந்து வரும் இடிக்குத்தான் வழி செய்ய வேண்டும். ஃபோர்டு பின்டோ காரில் பின் ஆக்ஸிலுக்கும் பம்பருக்கும் நடுவே டாங்க் இருந்ததால், 1978இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. எனவே டாங்க்குக்கு எதிரே கூரிய போல்ட் எதுவும் இருக்கக் கூடாது. பின்னால் உறுதியான குறுக்குச் சட்டம் வேண்டும்.

வேலையில் கவனிக்க வேண்டியவை இவை. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பெட்ரோலை வடிக்க வேண்டும். காலி டாங்க் என்று அலட்சியம் கூடாது. நிறைந்த டாங்க்கைவிட, ஆவி தங்கிய காலி டாங்க்கே வெல்டிங் பொறியில் வெடிக்கும். புதிய டாங்க்கை ரப்பர் பட்டை வைத்து இரும்புப் பட்டையால் கட்ட வேண்டும். சைலன்சர் குழாய் அருகில் வரக் கூடாது. நெடுந்தூரத்துக்கு இரும்புக் குழாயும், இணைப்பில் மட்டும் ரப்பர் குழாயும் போட வேண்டும். காற்று வெளியேறத் தனிக் குழாய் இல்லாவிட்டால் பெட்ரோல் போடும்போது திருப்பி அடிக்கும். ரப்பர் மேல் உட்கார்ந்த டாங்க்குக்கு எர்த் ஒயர் அவசியம். மிதவையும் மீட்டரும் ஜோடி சேர வேண்டும். செவ்ரோலே மீட்டர் 0 முதல் 90 ஓம் கணக்கில் ஓடுவது. வேறு மிதவை போட்டால் பாதி டாங்க்கை முழு டாங்க் என்று காட்டும். கடைசியாக, கேபினில் பழைய மூடி இருந்த ஓட்டையை அடைக்க வேண்டும்.

அமெரிக்கப் பழைய வண்டிக் கதை நமக்கெதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்திருக்கிறோம். தூரப் பயணத்துக்கு இன்னொரு டாங்க் வைத்துத் தருகிறேன் என்று சொல்கிற பட்டறைகளும் உண்டு. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். எரிவாயுவுக்கு மாற்றுவதானாலும் அங்கீகரிக்கப்பட்ட கிட் போட்டு, ஆர்.சி.யில் பதிவு செய்தாக வேண்டும்.

ஆகவே டாங்க்கை இடம் மாற்றும் யோசனையை விட்டுவிட்டு, இருக்கும் டாங்க்கைப் பார்ப்போம். பட்டை தளர்ந்திருக்கிறதா, ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, மூடி இறுகுகிறதா என்று மாதம் ஒரு முறை குனிந்து பார்த்தால் போதும். சரக்குப் போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். வண்டியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் நம்மை நம்பி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை.