நிழல் எல்லார்க்கும் பொதுவா?

(மூன்றாம் ஆண்டு, புவியியல்)

அசோகர் சாலையின் இருமருங்கிலும் மரங்களை நட்டார் என்று ஆரம்பப் பள்ளியில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். "எந்தச் சாலையில் நட்டார்?" என்று அன்று யாரும் கேட்கவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அதற்குக் காரணம் நான் நாள்தோறும் ஏறி வரும் பேருந்து.

என் வீடு வியாசர்பாடியில் இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பேருந்தின் சன்னல் கம்பியைத் தொட்டால் சுடும். சென்ட்ரலைத் தாண்டி நுங்கம்பாக்கத்துக்குள் நுழைந்ததும் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் சாலையை மூடுகின்றன. வேர்வை உலர்கிறது. அதே சென்னை, அதே வெயில். ஆனால் நிழல் மட்டும் சரிசமமாக இல்லை. ஏன்?

மரம் என்ன செய்கிறது?

மரம் குளிர்ச்சி தருவது நிழலால் மட்டுமன்று. வேர் உறிஞ்சும் நீரை இலைகள் ஆவியாக வெளிவிடுகின்றன. நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. மண்பானையில் நீர் குளிர்வதும் இவ்வாறே. சிமெண்டும் தாரும் இதற்கு நேர்மாறானவை. பகலெல்லாம் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. தகரக் கூரையும் ஒற்றைச் சன்னலும் உள்ள எங்கள் வீடுகளில் நள்ளிரவிலும் புழுக்கம் அடங்காததற்குக் காரணம் இதுதான். மே மாதத்தில் எங்கள் தெருவில் பாதிப்பேர் வாசலில்தான் படுக்கிறார்கள்.

வரலாறு இட்ட கோடு

ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக்கு வடக்கே இந்தியர் நெருக்கமாக வாழ்ந்த பகுதிக்குக் 'கறுப்பர் நகரம்' என்று பெயர். பின்னாளில்தான் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. வெள்ளை அதிகாரிகளும் வணிகர்களும் நுங்கம்பாக்கம், எழும்பூர், அடையாறு போன்ற இடங்களில் பல ஏக்கர் பரப்பில் தோட்ட வீடுகள் அமைத்தனர். அத்தோட்டங்கள் பிற்காலத்தில் கல்வி நிலையங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறியபோது மரங்களும் கைமாறின. தெற்கே பிரம்மஞான சபையின் தோப்பு உள்ளது. 1978இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடும் அங்கேதான் இருக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 270 ஹெக்டேர்.

வடக்கே தோட்டங்களுக்குப் பதிலாகத் துறைமுகமும் இரயில்வே பணிமனைகளும் ஆலைகளும் வளர்ந்தன. அவற்றில் உழைத்தவர்கள் அருகிலேயே குடிசை போட்டனர்.

ஏழை மக்களுக்கும் பூங்கா வேண்டும் என்று எண்ணியவர் இல்லாமல் இல்லை. கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859ஐ ஒட்டி, இன்றைய சென்ட்ரல் நிலையத்தருகே 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்' அமைக்கப்பட்டது. பின்னர் அந்நிலத்தில் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழுந்தன. எஞ்சியது சிறிதே. மக்களின் பூங்காவைத்தான் முதலில் கூறுபோட்டோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு பாடம்

இது நம் நகரத்துக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் 1930களில் வீட்டுக் கடனுக்காக நகரங்களின் வரைபடங்கள் தயாரிக்கப்பட்டன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி, 'கடன் கொடுக்க ஏற்றதல்ல' என ஒதுக்கினர். 1968இல் சட்டம் இப்பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் 2020இல் வெளியான ஓர் ஆய்வு 108 நகரங்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 94 விழுக்காட்டில் அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளே இன்றும் கூடுதல் வெப்பமாக உள்ளன என்று கண்டது. சராசரி வேறுபாடு 2.6 டிகிரி செல்சியஸ். வரைபடம் பழசாகிவிட்டது, சூடு தணியவில்லை.

எங்கள் பூவரச மரம்

எங்கள் தெருமுனையில் ஒரு பூவரச மரம் இருந்தது. மாவு அரைக்கப் போகிறவர்களும் ரிக்சாக்காரர்களும் அதனடியில் நிற்பார்கள். என் ஆயா மாலையில் பூக்கட்டி விற்றதும் அங்கேதான். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்தபோதும் அது தப்பியது. பிறகு வடிகால் வேலைக்காக ஒரே காலையில் வெட்டப்பட்டது. வடிகால் எங்களுக்கு வேண்டியதே. ஆனால் வெட்டிய இடத்தில் ஒரு கன்றுகூட வைக்கப்படவில்லை. "மரம் இருந்தப்ப தெருவே வீடு மாதிரி இருந்துச்சுடா" என்று ஆயா இன்றும் சொல்கிறார். இப்போது வெயில் தாழ்ந்த பிறகே கடை விரிக்கிறார். வியாபாரத்தில் இரண்டு மணி நேரம் போயிற்று.

நாம் செய்யக் கூடியது

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாங்கள் நாற்பது கன்றுகள் நட்டோம். எங்கே? ஏற்கெனவே நிழல் நிறைந்த நம் கல்லூரி வளாகத்திலேயே! நட்டவர்களில் நானும் ஒருவன். இடம் இருக்கும் இடத்தில் நடுவது எளிது. இடமில்லாத இடத்தில்தான் மரம் வேண்டியிருக்கிறது.

எட்டடிச் சந்தில் ஆலமரம் வளராது என்பது உண்மையே. ஆனால் வடசென்னையில் பள்ளிகளின் வெற்று முற்றங்கள் உண்டு. கால்வாய்க் கரைகள் உண்டு. இடுகாட்டுச் சுவரோரங்கள் உண்டு. அங்கே வேம்பும் புங்கமும் பூவரசும் வளரும். வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசாமல் மண்ணை விட வேண்டும். முதல் இரண்டு, மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். குடிநீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில் இது சிறிய பொறுப்பன்று. ஆகவே அதை அத்தெரு மக்களின் தலையில் மட்டும் சுமத்தாமல் மாணவர்களாகிய நாமும் ஏற்க வேண்டும்.

அடுத்த ஆண்டு முகாமை வியாசர்பாடியில் நடத்துவோம். நண்பர்களே, வாருங்கள்! முதல் குழியை எங்கள் தெருமுனையில் நான் தோண்டி வைக்கிறேன்.