பழைய லேண்ட்ரோவர் ஸ்பேனரை எடைக்குப் போடும் முன் பாருங்கள்

தானா ராத்தா - கேமரன் மலையின் தேயிலை, காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட்ரோவர்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் வண்டியோடு வந்த ஸ்பேனர், ஜேக், சக்கர நட்டுக் கழற்றி ஆகியவை துருப்பிடித்து, பழைய இரும்போடு எடைக்குப் போய்விடுவதுண்டு.

ஜாகுவார் இ-டைப் போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவோர், தொழிற்சாலை கொடுத்த கருவிப் பையும் இருக்கிறதா என்று கேட்டே விலை பேசுகிறார்கள். லேண்ட்ரோவருக்கும் அதே கணக்குதான்.

அசல் கருவியை எப்படி அறிவது?

முதலில் வண்டியின் காலத்தைப் பாருங்கள். லேண்ட்ரோவர் 1948-இல் அறிமுகமானது. இரண்டாம் சீரிஸ் 1958-இலும் மூன்றாம் சீரிஸ் 1971-இலும் வந்தன. முதல் சீரிஸ் வண்டிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் அளவு நட்டுகள்தாம். அவற்றுக்கான ஸ்பேனரில் டபிள்யூ அல்லது பி.எஸ்.எஃப் என்ற ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். பிந்திய சீரிஸ்களில் ஏ.எஃப் அளவும் கலந்து வந்தது. மில்லிமீட்டர் அளவு மட்டும் உள்ள ஸ்பேனர், முதல் சீரிஸ் வண்டியோடு வந்திருக்க வாய்ப்பில்லை.

எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். 1/4 டபிள்யூ என்பது போல்ட்டின் தடிமனைக் குறிக்கிறது. ஸ்பேனரின் வாய் சுமார் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். 1/4 ஏ.எஃப் என்பதோ வாயின் அளவு, அது 6.35 மில்லிமீட்டர் மட்டுமே. டபிள்யூ நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறாது. 14 போட்டால் வழுக்கி, நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பழைய ஸ்பேனரைத் தூக்கி எறிந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பட்டறையில்தான் தெரியவரும்.

'மேட் இன் இங்கிலாந்து' என்ற முத்திரை மட்டும் போதிய சான்று அல்ல. பர்மிங்காமின் கிங் டிக் போன்ற நிறுவனங்களின் ஸ்பேனர்கள் கடைகளிலும் தனியாக விற்கப்பட்டன. அந்த மாடலுக்குரிய உதிரிபாகப் பட்டியலில் கருவிகளின் பெயரும் எண்ணும் இருக்கும். அதோடு ஒப்பிடுவதே நம்பகமான வழி.

துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசுங்கள். அரம் போட்டால் எழுத்துகள் அழிந்துவிடும். சாயம் அடித்தால் மறைந்துவிடும். இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். விற்பதானாலும் கருவிகளைப் பிரிக்காமல் வண்டியோடு கொடுப்பதே நல்லது.