பறவைப் பதிவும் இணையச் செயலியும்: நிகழ்ச்சிகளைச் சேமிக்கும் முறையின் வளர்ச்சி

கோயம்புத்தூருக்கு வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாடும் கேரளமும் கூடுமிடத்தில், ஆனைகட்டி என்னும் மலையடிவார ஊர் உள்ளது. எல்லையைக் கடந்தால் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. பறவை ஆராய்ச்சிக்கென 1990-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பெற்ற சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தின் வளாகம் இங்கு அமைந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு முதல் அது இந்திய வனவுயிரி நிறுவனத்தின் தென்னிந்திய மையமாக இயங்கி வருகிறது.

இத்தகைய பகுதிகளில் பறவைகளைக் கவனிப்பவர்கள் முன்னாளில் குறிப்பேடும் பென்சிலும் கொண்டு சென்றனர். இன்று பெரும்பாலோர் கைபேசியில் பதிவு செய்கின்றனர். அப்பதிவு இணையத்தின் வழியே தொலைவிலுள்ள கணினிகளைச் சென்றடைந்து அங்கே பாதுகாக்கப்படுகிறது. பாதுகாக்கும் முறை செவ்வையாக அமைந்தால், ஒரு பறவையினம் குறைந்து வருவதை நாடு உரிய காலத்தில் அறிந்துகொள்ளலாம். முறை பிழைபட்டால், லட்சக்கணக்கான பதிவுகள் குவிந்திருந்தும் அவற்றால் பயன் விளையாது. அம்முறை யாது என்பதையும், அது எவ்வாறு வளர்ச்சியடைந்தது என்பதையும் இங்கே காண்போம்.

நிகழ்ச்சியும் தொகையும்

இணையச் செயலி ஒன்றில் பயனர் ஆற்றும் ஒவ்வொரு செயலையும் ஒரு நிகழ்ச்சி எனக் கொள்ளலாம். ஒருவர் பறவைப் பட்டியலை அனுப்புவது ஒரு நிகழ்ச்சி; பின்னர் அதில் ஓர் எண்ணைத் திருத்துவது மற்றொரு நிகழ்ச்சி. இவற்றைச் சேமிக்க இரு வழிகள் உண்டு. முதல் வழியில், இதுவரை சேர்ந்த மொத்தத் தொகை மட்டுமே எழுதப்படும். புதிய செய்தி வந்தவுடன் பழைய தொகை அழிக்கப்பட்டு, புதிய தொகை அவ்விடத்தைப் பெறும். இரண்டாவது வழியில், ஒவ்வொரு நிகழ்ச்சியும் அது நடந்த சூழ்நிலையுடன் தனித்தனியே எழுதப்படும். தொகை வேண்டும்பொழுது அவற்றைக் கூட்டிப் பெறலாம்.

அஞ்சலகச் சேமிப்புப் புத்தகம் இரண்டாவது வழிக்குத் தக்க உதாரணமாகும். அதில் இருப்புத் தொகை மட்டும் இருப்பதில்லை. பணம் செலுத்திய நாளும் எடுத்த நாளும் வரிவரியாக உள்ளன. இருப்பில் ஐயம் எழுந்தால் வரிகளைக் கூட்டிப் பார்த்துத் தெளியலாம். இருப்பை மட்டும் எழுதி வைத்தால், அதிலிருந்து அவ்வரிகளை மீண்டும் பெற முடியாது. நிகழ்ச்சிகளிலிருந்து தொகையைப் பெறலாம். தொகையிலிருந்து நிகழ்ச்சிகளைப் பெற இயலாது. இந்த எளிய உண்மையே பதிவு முறைகள் அனைத்திற்கும் அடிப்படை.

முழுமைப் பட்டியலின் சிறப்பு

பறவைப் பதிவுக்கென உலகெங்கும் வழங்கும் இ-பேர்ட் என்னும் இணையச் செயலி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வுக்கூடத்தாலும் தேசிய ஆடுபன் சங்கத்தாலும் 2002-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 2010-ஆம் ஆண்டில் அது எல்லா நாடுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் பதிவுகள் எதிர்பார்த்த அளவு வளரவில்லை. பதிவு செய்பவர் தம் பழைய பட்டியல்களைத் தாமே பார்வையிடவும் ஒழுங்குபடுத்தவும் வசதிகள் செய்யப்பட்ட பின்னரே பங்கேற்பு பெருகிற்று. பதிவை அளிப்பவருக்கும் அப்பதிவு பயன்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இச்செயலியில் ஒரு நிகழ்ச்சி என்பது தனிப் பறவை அன்று. ஒரு முறை சென்று பார்த்ததன் முழுப் பட்டியலே ஆகும். இடம், தேதி, தொடங்கிய நேரம், கவனித்த கால அளவு, நடந்த தொலைவு, உடன் சென்றோர் எண்ணிக்கை ஆகியவை பட்டியலுடன் சேர்க்கப்படுகின்றன. இறுதியில் ஒரு வினாவும் கேட்கப்படுகிறது: அடையாளம் காண முடிந்த பறவைகள் அனைத்தும் பட்டியலில் உள்ளனவா? 'ஆம்' என விடை கிடைத்தால் அது முழுமைப் பட்டியல் எனப்படும். அத்தகைய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லாமற் போவதும் ஒரு செய்தியாகிறது. அரிய பறவைகளை மட்டும் பொறுக்கி எழுதிய பட்டியலில் காக்கை இடம்பெறாவிடில், அங்கே காக்கை இல்லை என்று முடிவு செய்தல் கூடுமோ? கூடாது. முழுமைப் பட்டியலிலோ, காக்கை அன்று காணப்படவில்லை என்பதை ஐயமின்றிக் கொள்ளலாம்.

இதன் முக்கியத்துவத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு வட்டாரத்தில் முதலாண்டில் 40 முழுமைப் பட்டியல்கள் வந்தன. பனங்காடை அவற்றுள் 20-இல் இடம்பெற்றது. பத்தாண்டுகள் கழித்துக் கைபேசிகள் பெருகியதால் 400 பட்டியல்கள் வந்தன. பனங்காடை 80-இல் இடம்பெற்றது. தொகையை மட்டும் நோக்கினால், பனங்காடைப் பதிவு 20-லிருந்து 80 ஆக, நான்கு மடங்கு பெருகிவிட்டது. பட்டியல்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், 100-க்கு 50 என்றிருந்த விகிதம் 100-க்கு 20 ஆகக் குறைந்துவிட்டது. பெருகியவர்கள் பார்வையாளர்கள், குறைந்தது பறவை. தொகையை மட்டும் சேமித்திருந்தால், அழிவை வளர்ச்சி எனக் கருதும் பெரும் பிழை நேர்ந்திருக்கும்.

அமைப்பு மாறினும் பழம்பதிவு அழியலாகாது

எந்தப் பதிவு முறையும் என்றும் ஒரே நிலையில் இராது. புதிய வினாக்கள் எழும். புதிய கருவிகள் வரும். தொலைவைப் பார்வையாளர் மதிப்பிட்டு எழுதிய காலம் போய், இன்று கைபேசியே செயற்கைக் கோள்களின் துணையால் நடந்த பாதையை அளந்து கொள்கிறது. இத்தகைய மாறுதல்களின்போது ஐந்து நெறிகள் கைக்கொள்ளத்தக்கவை.

முதலாவது, வெற்றிடத்தையும் பூச்சியத்தையும் வேறுபடுத்தல். புதிதாக ஒரு வினாவைச் சேர்க்கும்பொழுது, முந்திய பதிவுகளில் அதற்கு விடை இராது. அது 'கேட்கப்படவில்லை' என்றே நிற்க வேண்டும். 'இல்லை' என்றோ பூச்சியம் என்றோ நிரப்பப்படலாகாது. இ-பேர்ட் முறையில், பறவை இருந்தது, ஆனால் எண்ணப்படவில்லை என்பதைக் குறிக்கப் பெருக்கற்குறி போன்றதோர் எழுத்து வழங்குகிறது. அது ஒன்றும் அன்று, பூச்சியமும் அன்று.

இரண்டாவது, இரு நேரங்களைக் குறித்தல். ஆனைகட்டி போன்ற மலைச்சாரல்களில் எல்லா இடங்களிலும் கைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை. காலை 7 மணிக்குக் கண்ட பறவையின் பதிவு கைபேசியிலேயே தங்கி, மாலையில் தொடர்பு கிடைத்த பின்னர் அனுப்பப்படலாம். கண்ட நேரம் வேறு, பதிவு வந்து சேர்ந்த நேரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால், காலைப் பறவை மாலைப் பறவையாகிவிடும்.

மூன்றாவது, இரட்டிப்பைத் தவிர்த்தல். மூவர் ஒன்றாகச் சென்று 10 மயில்களைக் கண்டால், மூவரும் தனித்தனியே அனுப்பும் பட்டியல்களால் 30 மயில்கள் தோன்றிவிடும். இதனைத் தடுக்க, ஒருவர் எழுதிய பட்டியலை உடன் சென்றோருடன் பகிர்ந்துகொள்ள வசதி உண்டு. பகிரப்பட்ட பட்டியல்கள் யாவும் ஒரே குழுக் குறியீட்டைப் பெறுவதால், ஆராய்ச்சியாளர் அவற்றை ஒரே நிகழ்ச்சியாகக் கொள்கின்றனர்.

நான்காவது, ஐயத்தைக் குறித்தல், ஆனால் அழியாதிருத்தல். ஒவ்வொரு பிரதேசத்திற்கும் பருவத்திற்கும் எதிர்பார்க்கக்கூடிய இனங்களும் எண்ணிக்கை வரம்புகளும் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. வரம்பை மீறிய பதிவு அவ்வட்டாரப் பறவைகளை நன்கறிந்த தன்னார்வப் பரிசீலகரிடம் செல்கிறது. அவர் ஏற்காத பதிவு பொதுக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. எனினும் அளித்தவரின் பட்டியலில் அது நீடிக்கிறது. பின்னர் தக்க சான்று கிடைத்தால் முடிவை மாற்றிக்கொள்ள இது வழி செய்கிறது.

ஐந்தாவது, வெளியிடத் தகாததை மறைத்தல். வேட்டைக்கும் களவுக்கும் இலக்காகும் சில இனங்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக வெளியிட்டால், பதிவே அவற்றுக்குத் தீங்காகும். ஆதலின் அவ்வினங்களின் இடம் பொதுமக்கள் பார்வைக்கு 400 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கட்டமாக மட்டுமே காட்டப்படுகிறது. சேமித்தல் வேறு, வெளியிடுதல் வேறு என்பதை இதனால் உணரலாம்.

பெயர் மாறும்போது

பறவைகளின் வகைப்பாடு ஆராய்ச்சிக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கிறது. கிராமங்களில் பாழடைந்த கட்டிடங்களிலும் கோயில் கோபுரங்களிலும் வாழ்வதும், இதய வடிவ முகம் உடையதுமான கூகை இதற்கோர் உதாரணம். உலகின் பல கண்டங்களில் வாழ்ந்த கூகைகள் நெடுங்காலம் ஒரே இனமாக எண்ணப்பட்டன. 2024-ஆம் ஆண்டில் இ-பேர்ட் பயன்படுத்தும் வகைப்பாடு அதனை மேற்கத்தியக் கூகை, அமெரிக்கக் கூகை, கிழக்கத்தியக் கூகை என மூன்றாகப் பிரித்தது. இந்தியாவில் வாழ்வது கிழக்கத்தியக் கூகை.

இம்மாறுதலுக்காக, பழைய பார்வையாளர் ஒவ்வொருவரையும் தேடி, கண்டது எந்தக் கூகை என்று கேட்க வேண்டியதாயிற்றா? இல்லை. ஒவ்வொரு பதிவிலும் இடம் குறிக்கப்பட்டிருந்தமையால், இந்தியப் பதிவுகளைக் கணினியே புதிய பெயரின்கீழ் கொண்டுவர இயன்றது. இடக்குறிப்பின்றி உலகக் கூகைகளின் தொகை மட்டும் இருந்திருப்பின், அதனை மூன்றாகப் பிரிக்க எந்த அறிஞராலும் முடிந்திராது. முதற்பதிவு செய்தவர் எதிர்பாராத வினாவுக்கும் அவருடைய பதிவு விடை அளித்தது.

திட்டமிட்ட பதிவும் அதன் பயனும்

ஆனைகட்டியின் மறுபுறத்தில், பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட கேரளத்தின் எல்லா மாவட்டங்களிலும் 2015 முதல் 2020 வரை கேரளப் பறவை வரைபடப் பணி நடைபெற்றது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட தன்னார்வலர் அதில் பங்கு கொண்டனர். மாநிலம் முழுவதும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு கட்டங்களில் ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும், 15 நிமிடப் பட்டியல்கள் எடுக்கப்பட்டன. கால அளவு எங்கும் ஒன்றாகவே இருந்தமையால், ஓரிடத்தை மற்றோரிடத்துடன் நேரே ஒப்பிட முடிந்தது. இப்பணியில் சுமார் 25,000 பட்டியல்களும் 361 இனங்களும் பதிவாயின.

நாடு தழுவிய முறையில், 'இந்தியப் பறவைகளின் நிலை' என்னும் அறிக்கை 2020-இலும் 2023-இலும் வெளியாயிற்று. ஆனைகட்டி மையமும் அதன் கூட்டு நிறுவனங்களுள் ஒன்று. 2023-ஆம் ஆண்டு அறிக்கை சுமார் 30,000 பார்வையாளர்கள் அளித்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்ட காலப் போக்கைக் கணிக்கப் போதிய பதிவுகள் 338 இனங்களுக்கே இருந்தன. அவற்றுள் 204 குறைந்துள்ளன, 98 நிலையாக உள்ளன, 36 பெருகியுள்ளன. மயிலும் குயிலும் பெருகி வருகின்றன. வயல்வெளிகளில் கம்பிகளின் மேல் அமர்ந்திருக்கும் பனங்காடையோ, உலக அழிவபாயப் பட்டியலில் அதன் நிலையை மீண்டும் ஆராய வேண்டும் எனப் பரிந்துரைக்கும் அளவிற்குக் குறைந்துள்ளது.

942 இனங்களுள் 338 இனங்களுக்கு மட்டுமே நீண்ட காலப் போக்கு கிடைத்தது என்பது ஆழ்ந்து கருதத்தக்கது. ஏனைய 604 இனங்கள் பெருகினவா, குறைந்தனவா என்பதைக் கூறப் பழம்பதிவுகள் போதவில்லை. கடந்த காலத்தில் எழுதப்படாததை இன்று எந்தக் கருவியாலும் ஈடுசெய்ய இயலாது.

கள ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

இப்பணிக்குக் கைபேசி இன்றியமையாததன்று, குறிப்பேடே போதும். தேதி, இடம், தொடங்கிய நேரம், கவனித்த நிமிடங்கள், நடந்த தொலைவு, உடனிருந்தோர் ஆகியவற்றை முதலில் எழுத வேண்டும். கண்ட இனங்கள் அனைத்தையும், காக்கை, மைனா உட்பட, எண்ணிக்கையுடன் குறிக்க வேண்டும். எண்ண இயலாவிடில் 'எண்ணவில்லை' என்று எழுதுக. உத்தேசமாக ஓர் எண்ணை இடவேண்டாம். பிழை நேர்ந்தால் பழைய எழுத்து தெரியுமாறு ஒரு கோடிட்டு அடித்து, திருத்திய நாளையும் எழுதுதல் நன்று.

பள்ளிகளில், ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாரந்தோறும் 15 நிமிடம் கவனித்து மாணவர் எழுதும் பட்டியல், ஆண்டு முடிவில் சிறந்த கணிதப் பாடமாகவும் அமையும். ஒவ்வொரு பறவையும் 100 பட்டியல்களுக்கு எத்தனையில் இடம்பெற்றது என்பதை மாணவரே கணக்கிடலாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பிலும் அவர்கள் பங்கு கொள்ளலாம்.

மற்றொரு பணியும் உண்டு. 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கையின் நீண்ட காலப் போக்குகளுக்கு உதவியவற்றுள், பல்லாண்டுகளுக்கு முன் குறிப்பேடுகளில் எழுதப்பட்டு, பின்னர் இணையத்தில் ஏற்றப்பட்ட பட்டியல்களும் அடங்கும். வனத்துறை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஓய்வு பெற்றோர் இல்லங்களிலும் பழைய குறிப்பேடுகள் எஞ்சியிருக்கலாம். அவற்றில் நாளும் இடமும் குறித்த முழுமைப் பட்டியல் ஒன்று கிடைத்தாலும், அதனைக் கறையானுக்கு இரையாக விடாமல் பிரதி செய்து பதிவேற்றுதல் வேண்டும்.