39 டன் கோடு

அமெரிக்காவின் சிறு நகரங்களிலிருந்து சிகாகோவுக்கோ டென்வருக்கோ கிளம்பும் பயணியின் டிக்கெட்டில் யுனைடெட் அல்லது டெல்டாவின் பெயர் இருக்கும். விமானத்தை இயக்குவது பெரும்பாலும் ஸ்கைவெஸ்ட் போன்ற பிராந்திய நிறுவனம்தான்.

இந்த நிறுவனங்கள் எந்த ஜெட்டை வாங்கலாம்? எரிபொருள், ஓடுபாதையின் நீளம், ஏறும் கூட்டம் என்று கணக்குப் போடுவார்கள். 50 பேர் ஏறினாலும் 76 பேர் ஏறினாலும் பைலட்டுகள் இருவர்தான். அதனால் இருக்கை கூடக் கூட ஒரு பயணிக்கு ஆகும் செலவு குறையும். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு எல்லைக்குள்தான். பெரிய நிறுவனங்கள் தங்கள் பைலட் சங்கங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ‘ஸ்கோப்’ என்றொரு பிரிவு உண்டு. பிராந்திய ஜெட்டில் 76 இருக்கைக்கு மேல் கூடாது. புறப்படும்போது மொத்த எடை 86,000 பவுண்டை, அதாவது 39 டன்னைத் தாண்டக் கூடாது. சம்பளம் குறைந்த நிறுவனங்களுக்குத் தங்கள் வேலை நழுவிவிடாமல் இருக்க பைலட்டுகள் போட்ட வேலி இது. அந்த அச்சம் நியாயமானது.

பிரேசிலின் எம்ப்ரேயர் தயாரித்த ஈ175 இந்த வேலிக்குள் கச்சிதமாக அடங்கியது. பிறகு அதே நிறுவனம் எரிபொருளை மிச்சப்படுத்தும் ஈ175-ஈ2 விமானத்தை உருவாக்கி, 2019 டிசம்பரில் பறக்கவிட்டது. புதிய இன்ஜினின் முன்விசிறி பெரியது; இன்ஜினும் கனம். இறக்கையும் புதிது. மொத்த எடை 44 டன்னைத் தாண்டியது. ஒப்பந்தம் தளரும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை. 2022-இல் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. பிராந்திய ஜெட் ஒன்றை உருவாக்கிவந்த ஜப்பானின் மிட்சுபிஷிக்கு இன்னும் பெரிய அடி. அந்த ஜெட்டின் முதல் மாடலும் எடை வரம்பை மீறியிருந்தது. சான்றிதழ் தாமதமும் சேர்ந்துகொள்ள, 2023-இல் திட்டமே கைவிடப்பட்டது.

யுனைடெட் வேறு வழி பிடித்தது. 70 இருக்கை ஜெட்டுகளுக்கும் ஒப்பந்தத்தில் எண்ணிக்கை வரம்பு உண்டு. அதனால் அந்த அளவுள்ள சிஆர்ஜே700 விமானத்தில் 50 இருக்கைகளை மட்டும் போட்டு, சிஆர்ஜே550 என்று பெயர் மாற்றி 2019-இல் சேவைக்கு விட்டது. காலியான இடத்தில் பெட்டிகள் வைக்க அலமாரிகள் வந்தன. முதல் வகுப்பில் பயணிகளே எடுத்துக்கொள்ளும் நொறுக்குத்தீனி மேடையும் வந்தது. பயணிக்கு வசதிதான். ஆனால் 20 பேர் அமரும் இடத்தை விட்டுவிட்டுப் பறப்பது எரிபொருள் கணக்கில் நஷ்டமே.

ஆக, அமெரிக்காவுக்குள் எந்தப் பிராந்திய ஜெட் பறக்கும் என்பதைப் பொறியாளர்களைவிட அந்த ஒப்பந்தமே அதிகம் தீர்மானிக்கிறது. 2025 ஜூனில் ஸ்கைவெஸ்ட் 60 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அத்தனையும் பழைய வகை இன்ஜின் பொருத்திய ஈ175.