விழித்திரையும் ஈல்ஸ் நோயும்

உடலைக் கீறாமலே உயிருள்ள மனிதனுடைய குருதிக் குழாய்களை நேரிற் காணத்தக்க இடம் விழியின் பின்புறமாம். 1851இல் ஜெர்மானியப் பேரறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்ணோக்குக் கருவியை வெளியிட்ட பின்னரே அவ்வாயில் திறந்தது.

1880இல் பர்மிங்காம் நகர மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், இளைஞர் சிலர் கண்ணுள்ளே அடுத்தடுத்துக் குருதி கசிதலைக் கண்டெழுதினார். மலச்சிக்கலை அதனொடு தொடர்புபடுத்திய அவர் கருத்து நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. மேனாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய் இந்தியாவில் இன்றும் காணப்படுகின்றது. பெரிதும் இளம் ஆடவரையே பற்றுதலின், கல்லூரி மாணவராகிய நாம் இதனை அயலார் செய்தியென்று தள்ளற்கில்லை.

நோயுற்றோன் காண்பன மிதக்கும் கரும்புள்ளிகளும் நூலிழைகளுமே, வலியில்லை. படித்துக் களைத்த கண்ணென்று வாளாவிருத்தல் நம்மனோர்க்கு எளிது!

மருத்துவர் பாவையை மருந்தால் விரித்து விழித்திரையின் ஓரங்களை ஆராய்வர். நீரிழிவு முதலியனவும் இத்தகைய குருதிக் கசிவைத் தருதலின், அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே ஈல்ஸ் நோயெனத் துணிவர். காசநோய்த் தொடர்பு உண்டென்பது பலர் கருத்தாதலின் மார்பையும் சோதிப்பர்.

ஃபுளோரெசின் என்னும் சாயத்தைக் கைநாளத்திற் செலுத்தி, நீலவொளி பாய்ச்சிப் படமெடுத்தலும் உண்டு. குருதி செல்லாத இடம் இருண்டு தோன்றும். புதிதாய் முளைத்த நலிந்த குழாய்களினின்று சாயம் கசியும். அக்குழாய்களே உடைந்து பார்வையை மறைப்பன. இம்முறையை வகுத்தோர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவரான நொவாட்னி, ஆல்விஸ் என்னும் இருவர். முதலிற் சாயமேற்றிக்கொள்வோர் யாரென நாணயஞ் சுண்ட, ஆல்விஸ் தோற்றார். கண் மருத்துவ இதழ் மறுத்த அவர்தம் கட்டுரையை 1961இல் இருதய மருத்துவ இதழொன்று வெளியிட்டது.

படத்தில் இருண்ட பகுதிகளை இந்நாளில் லேசர் ஒளியாற் சுட்டு, புதுக்குழாய்களை வாடச் செய்கின்றனர்.