டன் கணக்கில் தூக்கும் எண்ணெய், அதைக் காக்கும் சிறு வளையம்



அறுவடைக் காலத்தில் செபராங் பிறையின் பெனாகா, கெப்பாளா பத்தாஸ் பக்கம் போயிருந்தால், நெல் வயலில் பெரிய அறுவடை இயந்திரங்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தின் முன்னால் அகலமான வெட்டும் பகுதி இருக்கும். வரப்பு வந்தால் அது மேலே எழும். தாண்டியதும் கீழே இறங்கும். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள அந்த இரும்பை ஓட்டுநர் ஒரு சிறு லீவரை அசைத்தே தூக்கிவிடுகிறார்.

நம் வட மாநிலங்களில் ஓடும் பெரிய இயந்திரங்களில் பல, ஐரோப்பிய வயல்களில் உழைத்த பின் புதுப்பிக்கப்பட்டு இங்கே வந்தவை. வயதான இயந்திரங்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு ஒன்று உண்டு. தூக்கி நிறுத்திய வெட்டும் பகுதி, யாரும் தொடாமலே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஏன்?

தூக்குவது எது?

இயந்திரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு ஹைட்ராலிக் சிலிண்டர் இருக்கும். பம்பு அதற்குள் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் உள்ளிருக்கும் தண்டை வெளியே தள்ளும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் கோட்பாடுதான் இதற்கு அடிப்படை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்டின் விட்டம் 5 செ.மீ. என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 20 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் இருந்தால், 20 × 150 = 3,000 கிலோ. அதாவது ஒரு சிலிண்டருக்கு 3 டன்! ஒரு டன்னைத் தூக்க இவ்வளவு எதற்கு? கதவைக் கீலுக்கு அருகில் கைவைத்துத் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு சிரமம் என்று தெரியும். சிலிண்டரும் கீலுக்கு அருகிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது.

எண்ணெய் எங்கே போனது?

பல பழைய இயந்திரங்களில் எண்ணெய் தூக்க மட்டுமே செய்யும். இறக்குவது வெட்டும் பகுதியின் சொந்த எடைதான். எனவே அது தானாக இறங்கினால், சிலிண்டரிலிருந்து எண்ணெய் வெளியேறுகிறது என்று பொருள். தண்டும் சிலிண்டரின் வாயும் நனைந்திருந்தால், வாயிலுள்ள சீல் என்னும் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டது. குழாய் உட்பட எங்கும் வெளிக்கசிவு இல்லையென்றால், கட்டுப்பாட்டு வால்வு வழியாக எண்ணெய் தொட்டிக்கே திரும்புகிறது. அப்போது சீலை மாற்றிப் பயனில்லை.

இந்தத் தொல்லை புதிதல்ல. இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபோது, அவருக்கும் கசிவே பெரிய சிக்கலாக இருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லேதான் தோலாலான கிண்ண வடிவ சீலை உருவாக்கித் தீர்வு கண்டார் என்பர்.

இன்றைய சீலும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. அதைக் குறுக்கே வெட்டினால் லாட வடிவம் தெரியும். எண்ணெய் லாடத்தின் வாய்க்குள் புகுந்து அதன் இரு உதடுகளையும் விரிக்கும். அழுத்தம் கூடக் கூட, உதடுகள் இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். சீலைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? புதிய சீலும் முதல் நாளே கசியும். வாய் எப்போதும் எண்ணெய்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

பட்டறையில்

சீலை மட்டும் மாற்றினால் போதாது. சேற்றிலும் நீரிலும் உழைத்த தண்டின் குரோமியப் பூச்சில் துருக்குழிகளும் கீறல்களும் விழுந்திருக்கும். அவை அரம்போல் புதிய சீலையும் அறுத்துவிடும். தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, நகம் சிக்கினால் மறுபூச்சுப் பூச வேண்டும், அல்லது தண்டையே மாற்ற வேண்டும். பழைய இயந்திரத்தின் பாக எண் கிடைக்காவிட்டாலும், தண்டையும் சீல் உட்காரும் பள்ளத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து பொருத்தமான சீலை வாங்கலாம். பொருத்திய பின் உள்ளே காற்று தங்கியிருந்தால் அதை வெளியேற்ற வேண்டும். காற்று எளிதில் சுருங்கும், எண்ணெய் அப்படிச் சுருங்காது. காற்று இருந்தால் வெட்டும் பகுதி குலுங்கிக் குலுங்கி எழும்.

உயிர் காக்கும் விதிகள்

எண்ணெய் மட்டுமே தாங்கும் வெட்டும் பகுதியின் அடியில் யாரும் போகக் கூடாது. குழாய் வெடித்தால் ஒரு டன் இரும்பு நொடியில் விழும். தூக்கிய நிலையில் வேலை செய்ய வேண்டுமானால் பாதுகாப்புத் தாங்கியைப் பூட்ட வேண்டும். சிலிண்டரைக் கழற்றுவதானால் வெட்டும் பகுதியைத் தரையில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, லீவரை அசைத்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே தொட வேண்டும்.

கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடலாம். ஓர் அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் பட்டால் அட்டை நனைந்து காட்டிக்கொடுக்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்: ஊசியில்லாத ஒரு சிறிய சிரிஞ்சையும் ஒரு பெரிய சிரிஞ்சையும் குழாயால் இணைத்து நீர் நிரப்புங்கள். ஒன்றை நீங்கள் அழுத்துங்கள், மற்றதை நண்பர் அழுத்தட்டும். யார் வெல்வார் என்பதை முன்கூட்டியே கணித்து எழுதிவையுங்கள். பிறகு ஒரு காற்றுக்குமிழியை உள்ளே விட்டு மீண்டும் அழுத்துங்கள். வேறுபாடு உங்கள் விரலுக்கே தெரியும்.